விரைவுச் சரக்கும் டீசல் வண்டியும்

சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு தொழில். குறித்த நேரத்துக்குள் கொண்டு சேர்ப்பது வேறொரு தொழில். முன்னதில் கூலி சுமைக்கு. பின்னதில் கூலி காலத்துக்கு. டில்லிக் கரோல்பாக்கிலும் மும்பை மாட்டுங்காவிலும் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு இவ்வேற்றுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பருப்பு மூட்டை இரண்டு நாள் தாமதித்து வந்தால் கடைக்காரர் மட்டுமே முகம் சுளிப்பார். வாழையிலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் இரண்டு நாள் தாமதித்தால், அவை வந்தும் வாராதவையே ஆகும்.

இவ்விரைவுத் தொழிலில் இறங்க விரும்பிச் சிறு சரக்கு வண்டி ஒன்றை விலை பேசுவோர் அனைவரும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுண்டு. “லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” என்பதே அது. கடன் வாங்கி வண்டி எடுப்பவனுக்கு இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாதென்று தோன்றும். ஆயினும், இந்தியாவில் விரைவுப் போக்குவரத்து வளர்ந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாயின், இக்கேள்வி பாதிக் கேள்வியே என்பது விளங்கும். மறுபாதி யாதென்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினான்காம் நூற்றாண்டில், முகம்மது பின் துக்ளக் டில்லியில் ஆட்சி புரிந்த காலத்தில், மொராக்கோ நாட்டிலிருந்து வந்த இபின் பதூதா என்னும் யாத்திரிகர், இந்நாட்டுத் தபால் முறையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். குதிரைத் தபால், கால்நடைத் தபால் என இருவகை அக்காலத்தில் இருந்தன. கால்நடைத் தபாலுக்கு ஒரு மைல் தூரத்தை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஆட்களை நிறுத்தியிருந்தனர். ஓடுபவன் ஒரு கையில் கடிதமும், மறு கையில் செப்பு மணிகள் கோத்த கோலும் ஏந்தி முழு வேகத்தில் ஓடுவான். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையத்தில் இருப்பவன் எழுந்து ஆயத்தமாவான். கடிதத்தை வாங்கியதும் அவன் ஓடுவான். சிந்துவிலிருந்து டில்லிக்குச் சாதாரணப் பிரயாணம் ஐம்பது நாள் ஆகுமென்றும், தபால் வழியாகச் செய்தி ஐந்தே நாளில் வந்து சேருமென்றும் அவர் குறிக்கிறார். குதிரையைவிடக் கால்நடைத் தபாலே விரைவானதென்றும், குராசான் நாட்டுப் பழங்களும், சுல்தான் தௌலதாபாத்தில் தங்கியிருந்தபோது அவருக்கு வேண்டிய கங்கை நீரும் இவ்வழியே வந்தன என்றும் அவர் எழுதுகிறார்.

மனிதன் குதிரையை வென்றது எப்படி? அவன் கால் குதிரையின் காலைவிட வலிமை வாய்ந்ததன்று. அவன் ஓட வேண்டிய தூரம் சிறிது; சுமை சிறிது; சோர்வு தோன்றுமுன் சுமை கை மாறிவிட்டது. விரைவு என்பது தனி ஒருவனுடைய வேகத்தில் இல்லை, கைமாற்றும் ஏற்பாட்டில் இருந்தது. இவ்வுண்மை மொழிகளிலும் பதிந்து கிடக்கிறது. வடநாட்டில் தபாலைக் குறிக்கும் ‘டாக்’ என்னும் சொல், முற்காலத்தில் நிலையந்தோறும் ஆளையும் குதிரையையும் மாற்றிச் செல்லும் பிரயாண முறையைக் குறித்தது. தமிழில் தபாலுக்கு அஞ்சல் என்கிறோம். பள்ளி விளையாட்டுகளில் கோலைக் கைமாற்றி ஓடும் பந்தயத்தை அஞ்சலோட்டம் என்கிறோம். இரண்டும் ஒரே கருத்தின் இரு தோற்றங்களே.

சுதந்தர இந்தியாவும் இதே கருத்தை வேறு வாகனத்தில் ஏற்றியது. 1949-ஆம் ஆண்டில் தொடங்கிய இரவு விமானத் தபாலில், டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் ஒன்றுகூடின. அங்கே பைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் அவை தத்தம் நகரங்களுக்குத் திரும்பின. சென்னையில் மாலையில் போட்ட கடிதம் மறுநாள் டில்லியில் கிடைத்ததற்குக் காரணம் விமானத்தின் வேகம் மட்டுமன்று. நாட்டின் நடுவில் ஒரு கைமாற்று நிலையத்தை அமைத்த யோசனையுமாகும்.

இனி, நம் கேள்விக்கு உரிய யந்திரத்துக்கு வருவோம். 1858-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்த ருடால்ப் டீசல், எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாவதைக் கண்டு வருந்திய பொறியாளர். அக்காலத்து நீராவி யந்திரங்கள், நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றினாலே பெரிதாகக் கருதப்பட்டது. 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட டீசலின் யந்திரமோ, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வேலையாக மாற்றிக் காட்டியது. அதன் சூட்சுமம் எளியது. பெட்ரோல் யந்திரம் காற்றையும் எரிபொருளையும் கலந்து, மின்பொறியால் பற்றவைக்கிறது. டீசல் யந்திரம் காற்றை மட்டும் மிகக் கடுமையாக அமுக்குகிறது. அமுக்கிய காற்று பழுக்கக் காய்கிறது; அதனுள் எண்ணெய் பீச்சப்பட்டதும் பொறியின்றியே பற்றிக்கொள்கிறது. அமுக்கம் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு வேலை ஒரு துளி எண்ணெயிலிருந்து கிடைக்கும்.

ஆயினும் இந்த யந்திரம் சாலைக்கு வர ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. தொடக்கத்தில் அது தொழிற்சாலையிலும் கப்பலிலும் நிற்கத்தக்க பேருருவாக இருந்தது. 1920-களின் இடையில் ஜெர்மனியில் டீசல் லாரிகள் தோன்றின. 1927-ஆம் ஆண்டில் ராபர்ட் பாஷின் கம்பெனி எண்ணெய் பீச்சும் பம்பைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே, சிறிய உடலில் இந்த யந்திரத்தை அடக்குவது எளிதாயிற்று.

டீசலுக்கு நகரச் சரக்கு வேலையில் மற்றொரு சிறப்பும் உண்டு. பெட்ரோல் யந்திரம் முழுச் சக்தியும் தேவைப்படாத நேரத்தில் காற்றின் வழியை அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறியபடி ஓடுகிறது. அதில் ஒரு பகுதி உழைப்பு வீணாகிறது. டீசலில் அவ்வடைப்பு இல்லை; எண்ணெயின் அளவு மட்டும் குறைகிறது. எனவே நின்று நின்று செல்லும் வண்டிக்கும், பாதிச் சுமையோடு செல்லும் வண்டிக்கும் டீசல் தனியான சிக்கனத்தை அளித்தது.

இந்தியாவில் மோட்டார் லாரி நெடுங்காலம் பிறநாட்டுப் பொருளாகவே இருந்தது. 1928-ஆம் ஆண்டு முதல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டிகளை விற்று வந்தது. சுதந்தரத்துக்குப் பின் நிலைமை மாறியது. 1948-ஆம் ஆண்டில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டு கம்பெனியோடு சேர்ந்து, 1955-இல் அசோக் லேலண்டு என்னும் பெயரோடு சென்னையை அடுத்த எண்ணூரில் தழைத்தது. ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்ட டாட்டா நிறுவனம், 1954-ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிகள் நாட்டின் நெடுஞ்சாலைகள் எங்கும் ஓடும் நிலை இந்த டீசல் லாரிகளின் வருகைக்குப் பின்னரே உருவாயிற்று.

ஆனால் இவை பெரிய வண்டிகள். பல டன் நிறையும் வரை இவை காத்திருக்க வேண்டும். அவசரச் சரக்கோ காத்திராது. இக்குறையை நீக்க வந்தது ஒரு மூன்று சக்கர வண்டி. 1958-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து டெம்போ கம்பெனியின் ஒத்துழைப்போடு பஜாஜ் டெம்போ நிறுவனம் தோன்றியது. அது செய்த வண்டி வீதிகளில் பெருகியது. கம்பெனியின் பெயரே வண்டியின் பொதுப் பெயரும் ஆயிற்று. இன்றும் மும்பையிலோ ஆமதாபாத்திலோ வீடு மாற்றுபவர், எந்தக் கம்பெனியின் வண்டியாயினும், “டெம்போ வரச்சொல்” என்றே சொல்கிறார். அந்நிறுவனமோ 2005-ஆம் ஆண்டில் போர்ஸ் மோட்டார்ஸ் எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது; பெயர் கம்பெனியை விட்டு நீங்கியும் மக்கள் நாவை விட்டு நீங்கவில்லை.

1980-களில் இத்துறையில் ஒரு பெரும் போட்டி மூண்டது. ஜப்பானியக் கம்பெனிகளின் துணையோடு நான்கு நிறுவனங்கள் இலகுவகை டீசல் லாரிகளைக் கொண்டுவந்தன. உத்தரப் பிரதேசத்தில் டி.சி.எம். டொயோட்டா, பஞ்சாபில் சுவராஜ் மஸ்தா, ஆந்திரத்தில் ஆல்வின் நிஸ்ஸான், மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் ஐஷர் மிட்சுபிஷி என்பன அவை. அவற்றின் யந்திரங்கள் நுட்பமானவை, எண்ணெய்ச் சிக்கனம் வாய்ந்தவை. இவற்றுக்கு எதிராக டாட்டா நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் 407 என்னும் வண்டியை நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் தபால் இலாகா ஸ்பீட் போஸ்ட் சேவையைத் தொடங்கியதையும் இங்கே நினைவுகூரலாம். நாடே காலத்துக்கு விலை கொடுக்கத் தொடங்கிய ஆண்டு அது.

போட்டியின் முடிவு நமக்கு ஒரு பாடம். 1985-க்குப் பின் ஜப்பானிய நாணயமாகிய யென்னின் மதிப்பு ஏறியது; ஜப்பானிலிருந்து வந்த பாகங்களின் விலையும் உடன் ஏறியது. உள்நாட்டுப் பாகங்களோடு வந்த 407 சந்தையில் முந்திக்கொண்டது. ஆல்வின் நிஸ்ஸான் மஹிந்திரா நிறுவனத்தின் கைக்கு மாறியது. டொயோட்டா தன் கூட்டை விட்டு விலகியது. யந்திரத்தின் சிக்கனம் மட்டும் ஒரு வண்டியைக் காப்பாற்றவில்லை. விரைவுத் தொழிலில் பழுதுபட்டு ஒரு நாள் நிற்கும் வண்டி, அந்த ஒரு நாளில் மிச்சப்படுத்திய எண்ணெயையெல்லாம் இழந்துவிடும்.

அடுத்த திருப்பம் 2005-ஆம் ஆண்டில் நேர்ந்தது. பெருநகரங்கள் பல, பகற்பொழுதில் கனரக லாரிகள் நுழைவதைத் தடை செய்தன. ஆகவே பெரிய லாரி நகரின் விளிம்பிலும் சிறிய வண்டி நகரின் உள்ளேயுமாகப் பணி பகுக்கப்பட்டது. இந்த இரண்டாம் பணிக்கென டாட்டா நிறுவனம் வெளியிட்ட ஏஸ் என்னும் வண்டிக்கு இரண்டே சிலிண்டர்கள், 702 கன செண்டிமீட்டர் கொள்ளளவு, 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. தமிழ்நாட்டு மக்கள் அதைக் குட்டி யானை என்றனர். வடநாட்டு மக்கள் சோட்டா ஹாத்தி என்றனர். 2012-ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் குட்டி யானைகள் விற்பனையாயின. ஓசூரில் உருவான அசோக் லேலண்டின் தோஸ்த், 2011-ஆம் ஆண்டில், மூன்று சிலிண்டரும் ஒன்றேகால் டன் சுமையுமாக அதற்கு அடுத்த படியில் வந்து நின்றது.

இத்தனை வண்டிகளுள் எது சிக்கனமானது? இப்போது நம் கேள்வியைக் கணக்கில் இட்டுப் பார்ப்போம். ஒரு சிறு வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது, 750 கிலோ சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றொரு நடுத்தர வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டரே ஓடுகிறது, 2 டன் சுமக்கிறது என்போம். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் சிறு வண்டி இரு மடங்கு சிக்கனம். சுமையையும் சேர்த்துப் பெருக்கினால், சிறு வண்டி ஒரு லிட்டரில் ஒரு டன் சரக்கை 15 கிலோமீட்டர் கொண்டு செல்வதற்குச் சமமான வேலையைச் செய்கிறது. நடுத்தர வண்டியோ 20 கிலோமீட்டருக்குச் சமமான வேலையைச் செய்கிறது. சிக்கனத்தின் கிரீடம் பெரியதன் தலைக்கு மாறிவிட்டது.

இங்கேயும் கணக்கு முடியவில்லை. சரக்கு அவசரமானது, வண்டி நிறையும் வரை காத்திராது, கையில் இருப்பது 250 கிலோ மட்டுமே. இப்போது சிறு வண்டியின் கணக்கு 5, பெரியதன் கணக்கு இரண்டரை. கிரீடம் மீண்டும் சிறியதற்கே வருகிறது. ஆனால் அதே சிறு வண்டி, சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பினால், போக வர ஆகும் எண்ணெயைச் சேர்த்துப் பார்க்கையில் அந்த 5-உம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அவசரத்துக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை எண்ணெய் அன்று, வண்டியில் உள்ள வெற்றிடம். அவ்வெற்றிடத்தை நிரப்பத் தெரிந்தவனுக்குச் சுமாரான யந்திரமும் லாபம் தரும். தெரியாதவனுக்குச் சிறந்த யந்திரமும் நட்டமே தரும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 80 கிலோமீட்டருக்கு விரைந்தால், அதன் பெட்டி முகத்தில் மோதும் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது. 120 கிலோமீட்டர் தூரத்தில் இதனால் மிஞ்சுவது அரை மணி நேரம். அந்த அரை மணியை ஒரு சோதனைச் சாவடி விழுங்கிவிடும்.

சாவடிகளின் கதை நம் நாட்டு விரைவுச் சரக்கின் கசப்பான அத்தியாயம். மாநில எல்லைதோறும் விற்பனை வரிச் சாவடி. பம்பாய் போன்ற நகரங்களின் வாயிலில் ஆக்ட்ராய் நாகா. அவற்றின் முன் லாரிகளின் நெடிய வரிசை. டில்லி, மும்பை, சென்னை, கல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலைக்கு 1999-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. சாலை அகன்றது, சாவடி அகலவில்லை. 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வரி நடைமுறைக்கு வந்தபோதுதான் எல்லை வரிச் சாவடிகளும் மும்பையின் ஆக்ட்ராயும் நீங்கின. 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த மின்வழிச் சீட்டு, 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலவரை வகுத்தது. 2021 ஜனவரி முதல் அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என இறுக்கப்பட்டது. நின்றபடி உறுமும் யந்திரம் கிலோமீட்டர் ஏதும் ஓடாமலே எண்ணெயைக் குடிக்கிறது. ஆகவே, சாவடியை நீக்கிய சட்டமும் எண்ணெய்ச் சிக்கனக் கருவிகளுள் ஒன்றே ஆகும்.

டீசலின் தனி ஆட்சிக்கும் ஓர் எல்லை வந்தது. மற்ற எண்ணெயைவிட மலிவாக அரசாங்கம் காத்துவந்த டீசலின் விலை, 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பாரத் நான்காம் கட்டத்திலிருந்து ஐந்தாம் கட்டத்தைத் தாண்டி, ஆறாம் கட்டப் புகை விதிகள் நாடெங்கும் செயலுக்கு வந்தன. எண்ணெயில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் ஐம்பது பங்கிலிருந்து பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டது. புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி வண்டிகளில் பொருத்தப்பட்டது. அவ்வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும். சூட்டுக்கு நீண்ட, இடைவிடாத ஓட்டம் வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று செல்லும் நகர வண்டிக்கு அந்த ஓட்டம் வாய்ப்பதில்லை. காற்றின் தூய்மைக்காக வந்த இவ்விதி, வேலையையும் பகுத்துவிட்டது. நெடுஞ்சாலையின் தொலைவு டீசலுக்கு உகந்ததாக நின்றது. நகரத்தின் குறுகிய நடைகளுக்கு அழுத்திய இயற்கை வாயுவும் மின்சாரமும் போட்டிக்கு வந்தன. டீசலில் பிறந்த குட்டி யானையே 2022-ஆம் ஆண்டில் மின்கல உருவில் வெளிவந்தது.

எனவே, வண்டி வாங்குபவர் முதலில் வினவ வேண்டியவை இவை: நம் சரக்கின் சராசரி எடை என்ன? ஒரு நடையின் தூரம் என்ன? திரும்பும்போது சுமை உண்டா? பழுதுபார்ப்பவர் வழியில் உண்டா? இவற்றுக்கு விடை தெரிந்த பின், “லிட்டருக்கு எத்தனை?” என்னும் கேள்வி தானே பொருள் பெறும்.

இறுதியாக, எண்ணெய்க் கணக்கில் ஒருபோதும் ஏறாத ஓர் எரிபொருள் உண்டு. அது ஓட்டுநரின் உறக்கம். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது ஓட்டலாகாது என்றும், குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தியது. தன் வண்டியைத் தானே ஓட்டும் கடனாளிக்கு, அதாவது விரைவுச் சரக்கைப் பெரும்பாலும் சுமப்பவனுக்கு, அதன் நிழல் எட்டவில்லை. தவணைத் தேதி நெருங்குகையில் அவன் எண்ணெயை மிச்சப்படுத்த இயலாதபோது உறக்கத்தையே செலவிடுகிறான். பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் வண்டி வைத்துப் பிழைப்போர் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று, வீட்டுச் செய்தி.

இதற்கும் மாற்று இல்லாமலில்லை. 2014-க்குப் பின், நெடுஞ்சாலையில் நிலையங்கள் அமைத்து, நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநரை மாற்றி, ஒவ்வொருவரும் அன்றே வீடு திரும்புமாறு செய்யும் முறை இந்தியாவில் பெரிய அளவில் நடத்திக் காட்டப்பட்டது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. மனிதன் மட்டும் இளைப்பாறினான். பெருநிறுவனம் செய்ததை, ஒரே வழியில் வண்டி ஓட்டும் நாலைந்து சிறு உரிமையாளர்கள் தம்முள் கூடியும் செய்யலாம். பாதி வழியில் சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொண்டால், இருவருக்கும் திரும்பும் சுமை கிடைக்கும், இருவரும் இரவில் தம் வீட்டில் உறங்குவர், வெற்றிடமும் நிரம்பும்.

அறுநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், துக்ளக் காலத்து ஓட்டக்காரன் கற்பித்த பாடம் பழசாகவில்லை. எவ்வளவு விரைவாக ஓடுகிறோம் என்பதைவிட, எந்த இடத்தில், யார் கையில் சுமையை ஒப்படைக்கிறோம் என்பதே பெரிது. நல்ல யந்திரத்தைப் பொறியாளர்கள் கொடுத்துவிட்டனர். நல்ல ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டியவர்கள் நாமே.